ஊரில் அப்பா அம்மா மட்டும் இருக்கிறார்கள், மறுபடி ஒரு ஊரடங்கு வந்தால் வீட்டில் எது தயாராக இருக்க வேண்டும்?

மன்னைப் பெண்:

வணக்கம். நான் இருப்பது பெங்களூரு, அப்பா அம்மா மன்னார்குடியில். அப்பாவுக்கு 74, ரத்த அழுத்தம், ஸ்டென்ட் வைத்தவர். அம்மாவுக்கு 68, சர்க்கரை, இரண்டு வேளை இன்சுலின். நான் ஒரே பெண்.

எந்தச் செய்தியையும் பார்த்துப் பயந்து இதை எழுதவில்லை. போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது பரணைச் சுத்தம் செய்தேன், 2020இல் நான் பயந்துபோய் வாங்கி அடுக்கிய சாமான் அத்தனையும் அங்கே இருக்கிறது. சானிடைசர் நாலு பாட்டில், பாதி ஆவியாகிவிட்டது. ஒரு பெட்டி மாஸ்க், தொட்டால் ரப்பர் இற்று விழுகிறது. எட்டுப் பாக்கெட் சேமியா, உள்ளே சேமியாவும் இல்லை புழுவும் இல்லை, வெறும் தூள். பார்க்கவே வெட்கமாக இருந்தது. ஏனென்றால் அந்த இரண்டு வருஷத்தில் எங்கள் வீட்டில் நிஜமாகவே இல்லாமல் போனது இதில் எதுவுமே இல்லை.

மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் பேசி, அன்று நள்ளிரவிலிருந்து 21 நாள் என்று சொன்னபோது அம்மாவிடம் ஒன்பது நாளைக்குத்தான் இன்சுலின் இருந்தது. மருந்துக்கடை திறந்துதான் இருந்தது, அந்த வகை மட்டும் வரவில்லை. அப்பா தெரிந்தவர் பையனை வண்டியில் தஞ்சாவூர் அனுப்பி வாங்கினார். அப்புறம் 2021 மே மாதம் அம்மா காய்ச்சலில் படுத்துவிட்டார். அப்பாவுக்கு அடுப்பைப் பற்றவைக்கத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. நான் இங்கிருந்து போனில் சொல்லச் சொல்ல ரசம் வைத்தார். புளி டப்பாவும் பேரீச்சம்பழ டப்பாவும் ஒரே மாதிரி இருக்கும், பேரீச்சம்பழத்தை ஊறவைத்துக் கரைத்துவிட்டார். அம்மா அதைக் குடித்துவிட்டு “வாய்க்கு ருசியே தெரியலை” என்றார், நான் கொரோனா முற்றிவிட்டது என்று ராத்திரி முழுக்க அழுதேன்.

யூடியூபில் வரும் ஐம்பது சாமான் பட்டியல் எனக்கு வேண்டாம். உங்கள் வீட்டில் முதலில் தீர்ந்தது எது, எது கையை விட்டுப் போனது, இன்றைக்கு என்றால் என்ன செய்வீர்கள், அதைச் சொல்லுங்கள். கஜா புயலில் பல நாள் கரண்ட் இல்லாமல் இருந்த ஊர், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரை மளிகை:

தங்கச்சி, நான் கடைக்காரன், கல்லாப்பெட்டிக்கு இந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

2020 ஏப்ரல் 24 வெள்ளிக்கிழமை அறிவிப்பு வந்தது. சென்னை, கோவை, மதுரைக்கு ஞாயிறு காலை 6 மணியிலிருந்து புதன் ராத்திரி 9 வரை முழு ஊரடங்கு, மளிகைக் கடையும் கிடையாது. நடுவில் இருந்தது ஒரு சனிக்கிழமை. காலையில் ஷட்டரைப் பாதி தூக்கும்போதே வரிசை தெருமுனை தாண்டி நிற்கிறது. இடைவெளி விட்டு நிற்கச் சொல்லி வட்டம் போட்டு வைத்திருந்தோம், ஒரு வட்டத்துக்குள் நாலு பேர். நாலே நாலு நாள்தான், ஆனால் ஜனம் வாங்கியது நாலு மாதத்துக்கு.

எது முதலில் காலியானது தெரியுமா? ரவை, சேமியா, கோதுமை மாவு, பால் பவுடர், பூண்டு. அரிசி மூட்டை கடைசி வரை கிடந்தது. அரிசி நம் பக்கத்து ஆலையிலிருந்து வருகிறது, ரேஷனிலும் கிடைக்கிறது, அதற்கு ஒருநாளும் பஞ்சம் வரவில்லை. துவரம்பருப்பும் பூண்டும் வெளி மாநிலத்திலிருந்து லாரி ஏறி வர வேண்டும். லாரி ஓட டிரைவர் வேண்டும், அவர் வழியில் சாப்பிட ஒரு ஓட்டல் திறந்திருக்க வேண்டும். அதனால் அரிசியை விட்டுவிட்டுப் பருப்பைப் பாருங்கள். பருப்பு, எண்ணெய், உப்பு, மிளகாய், இந்த நாலும் வீட்டில் எப்போதும் ஒரு மாதம் முன்னால் இருந்தால் போதும். பரணில் வைக்கக் கூடாது, அதுதான் நீங்கள் செய்த தப்பு. சமையலறையிலேயே வைத்து, புதுசு வந்ததும் பழசை முன்னால் தள்ளிப் பழசை முதலில் எடுக்க வேண்டும். கடையில் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். ரவையைப் பச்சையாக வைக்காதீர்கள், வாங்கிய அன்றைக்கே லேசாக வறுத்து ஆறவைத்து டப்பாவில் போடுங்கள். பருப்பை ஒரு வெயில் காட்டுங்கள். அரிசிக்குள் நாலு காய்ந்த மிளகாயோ காய்ந்த வேப்பிலையோ போதும். அந்தச் சனிக்கிழமை என்னிடம் அஞ்சு கிலோ ரவை வாங்கிய ஒருத்தர் ஆடி மாதம் வண்டோடு அதைத் திருப்பிக் கொண்டுவந்தார், மாற்றிக் கொடுக்கச் சொல்லி.

இன்னொன்று, இதைச் சொன்னால் சிலர் திட்டுவீர்கள். அன்றைக்கு வரிசையில் நின்றவர்களுக்குப் பாதிச் சாமான் கிடைக்கவில்லை. மாதக் கணக்கு நோட்டு வைத்திருக்கும் வீடுகளுக்கு நான் முந்தின ராத்திரியே கட்டி வைத்துவிட்டேன், பையன் சைக்கிளில் கொண்டுபோய்ப் போட்டான். நியாயமா என்றால் நியாயம் இல்லை. ஆனால் நடந்தது அதுதான். ஆன்லைனிலேயே வாங்கிப் பழகியவர்கள்தான் ரொம்பத் தவித்தார்கள். உங்கள் அப்பாவைப் பக்கத்துக் கடையில் மாதத்துக்கு ஒரு தடவையாவது வாங்கச் சொல்லுங்கள். கடைக்காரருக்கு அவர் முகமும் வீடும் தெரிந்திருக்கட்டும்.

கோவை அபார்ட்மென்ட்:

எங்களுக்குப் போனது தண்ணீர். குழாயில் சிறுவாணி வருகிற ஊரில் இருந்துகொண்டு 20 லிட்டர் கேன் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தோம். கேன் போடும் தம்பி ஊருக்குப் போய்விட்டார், நாலாவது மாடியில் இரண்டு காலி கேனோடு நின்றோம். அப்புறம் பெரிய பாத்திரத்தில் கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டி, மண்பானையில் ஊற்றினோம். இப்போதும் அதுதான், கேனை நிறுத்திவிட்டோம். ஆனால் கொதிக்கவைத்தால் கேஸ் சீக்கிரம் தீரும், அந்தக் கணக்கைப் போட மறந்துவிட்டேன். ஒற்றை சிலிண்டர் என்றால் இரண்டாவது சிலிண்டருக்கு இன்றே எழுதிக் கொடுங்கள், 14.2 கிலோ கூடுதலாக ஒரு மூலையில் இருப்பது பெரிய நிம்மதி. புக் செய்யும் போன் நம்பர் யாருடையது என்றும் பாருங்கள். எங்கள் மாமனார் வீட்டு இணைப்பில் எப்போதோ மாற்றிய பழைய நம்பர் கிடந்தது, டெலிவரிக்கு வரும் குறியீட்டு எண் யாரோ ஒருவர் போனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

நைட் டூட்டி:

நான் ஓய்வுபெற்ற செவிலியர். 2020, 2021 இரண்டு வருஷமும் வார்டில்தான் இருந்தேன். மளிகை அண்ணாச்சி சொன்னதெல்லாம் சரி. ஆனால் மகளே, உன் வீட்டில் பயம் மளிகையில் இல்லை, மருந்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஆளில்.

மருந்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தீரும்போது வாங்குவது என்ற பழக்கமே கூடாது. கையில் ஒரு மாதத்துக்கு இருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கிவிடு. ஒரு தடவை மட்டும் இரட்டைச் செலவு, அதற்குப் பிறகு வழக்கம்போலத்தான். மருந்துச் சீட்டைப் போனில் மட்டும் வைக்காதே. மருந்தின் பெயர், அளவு, எத்தனை வேளை, இதைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டு. ஊசி, சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் இரண்டையும் மருந்தோடு சேர்த்தே கணக்குப் பண்ணு. இன்சுலின் இருந்து ஊசி இல்லாமல் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்ட்ரிப்புக்கும் காலாவதித் தேதி உண்டு.

திறக்காத இன்சுலின் ஃபிரிட்ஜில் 2லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஃப்ரீசரில் வைத்து உறைந்துவிட்டால் தூக்கிப்போட வேண்டியதுதான். உபயோகத்தில் இருப்பது வெளியில் கொஞ்ச நாள் தாங்கும், எத்தனை நாள் என்று பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருக்கும். பெரும்பாலானவை நாலு வாரம், ஆனால் அது ரொம்ப வெயில் இல்லாத இடத்துக்கு. கஜா மாதிரி கரண்ட் போனால் பெரிய மண்சட்டிக்குள் சின்ன மண்சட்டி வை, நடுவில் மணல், மணலில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இரு, மேலே ஈரத்துணி. மருந்தை பிளாஸ்டிக் பையில் கட்டிச் சின்னச் சட்டிக்குள் வை. ஃபிரிட்ஜ் அளவுக்குக் குளிராது, ஆனால் சித்திரை வெயிலில் மருந்து கெடாமல் சில நாள் ஓட்டலாம். நிழலும் காற்றும் இருக்கிற இடமாகப் பார்த்து வைக்க வேண்டும், மூடிய அறையில் பலன் இல்லை.

ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் உங்கள் வீட்டில் இருக்கும், 2021இல் வாங்காத வீடு இல்லை. அதைத் தேடி எடுத்து பேட்டரியைக் கழற்று, உள்ளேயே கசிந்திருக்கும். புது பேட்டரி போட்டு, நல்லா இருக்கும்போதே இரண்டு பேருக்கும் பார்த்து எழுதி வை. வழக்கமான எண் தெரிந்தால்தான் மாறுவது தெரியும். மருதாணியோ நகப்பூச்சோ இருந்தாலும், விரல் சில்லிட்டிருந்தாலும் எண் தப்பாகக் காட்டலாம். 94க்குக் கீழே நின்றால் மருத்துவமனை, வீட்டில் உட்கார்ந்து யோசிக்கிற வேலை வேண்டாம். சும்மா இருக்கும்போது 97 காட்டும், ஆறு நிமிஷம் அறைக்குள் நடக்கவைத்துப் பார்த்தால் 92க்கு இறங்கும், அப்படி எத்தனையோ பேர். மூச்சு வாங்குவதே அவர்களுக்குத் தெரியாது, போனில் பேசிக்கொண்டுதான் வார்டுக்கு வந்தார்கள்.

அப்புறம் ஒன்று, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். யாரோ வாட்ஸப்பில் அனுப்பினார்கள் என்று ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி வைக்காதே, போட்டுவிடாதே. 2021 மே மாதம் கரும்பூஞ்சை என்று வந்ததே, அதில் பெரும்பாலானவர்கள் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாமல் ஸ்டீராய்டு எடுத்தவர்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் சொல்கிறேன். வீட்டில் பாராசிட்டமால், உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட், ஒரு தெர்மாமீட்டர் போதும். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது, 2021 ஆகஸ்டில் தொடங்கினார்கள். “நமக்கெதுக்கு, நாம வாங்கிக்கலாம்” என்று நிறைய பேர் பெயர் கொடுப்பதில்லை. வாங்க வசதி இருந்தாலும் பெயர் இருக்கட்டும். மாத்திரைக்காக இல்லாவிட்டாலும், மாதம் ஒரு ஆள் வாசல்படி ஏறி “எப்படிம்மா இருக்கீங்க” என்று கேட்பாரே, அதற்காக.

கடைசியாக ஆள். நீ எழுதியதில் எனக்கு மனதில் நின்றது அந்த ரசம்தான். வார்டில் நான் பார்த்த குடும்பங்களில் முதலில் படுத்தது பெரும்பாலும் சமைக்கிற ஆள், அவரிடமிருந்து மற்றவர்களுக்கு. அவர் படுத்ததும் வீட்டில் யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்பதுகூட யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு மூன்று சமையல் சொல்லிக்கொடு: கஞ்சி, பருப்புச் சாதம், ரசம். அம்மாவுக்கு ஊசி போடவும் அவருக்குத் தெரிய வேண்டும். அம்மாவுக்குப் பணம் எடுக்கவும் போனில் பணம் அனுப்பவும் தெரிய வேண்டும். ஜன்னல் உள்ள அறை ஒன்றை இப்போதே பார்த்து வை, கழிவறைக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. படுத்தவர் அங்கே, மற்றவர் வெளியே, இரண்டு பேரும் மாஸ்க், ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும். அவ்வளவுதான். வெந்நீரில் காய்கறி கழுவி பால் பாக்கெட்டுக்கு சோப்புப் போட்டு நாம் பட்ட பாடு இருக்கிறதே, அந்த நேரத்துக்கு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கலாம்.

யாழ் கிணற்றடி:

யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்தும் ஒரு சொல். எங்களுக்கு 2020 மார்ச் 20 பின்னேரம் ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். எங்கள் அம்மா பதறவே இல்லை, சண்டைக்காலத்தில் பொருளாதாரத் தடையில் குடும்பம் நடத்தின ஆள். மிளகாய்த்தூள் திரித்து வைத்திருந்தா, பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலும், அவிக்காமல் காயவைத்து இடித்த ஒடியல் மாவும் இருந்தது, வீட்டு வளவில் முருங்கை, கிணற்றில் தண்ணீர். எங்களுக்குத்தான் பிஸ்கட் இல்லை என்று கவலை. 2022இல் சமையல் எரிவாயு இல்லாமல் போனபோது நாடே வரிசையில் நின்றது, மண்ணெண்ணெயும் இல்லை, விறகு அடுப்பு உள்ள வீடுகள்தான் சமைத்தன. கோவைக்காரர் இரண்டாவது சிலிண்டர் என்கிறார், அது நல்லதுதான். ஆனால் பின்வளவில் மூன்று கல்லு வைத்து அடுப்பு மூட்ட இடம் இருக்கிறதா என்றும் பாருங்கோ. தென்னை மட்டையும் பன்னாடையும் மன்னார்குடியில் கிடைக்காமலா போகும்.

திருப்பூர் லைன் வீடு:

எல்லாம் படித்தேன். கோபம் இல்லை, ஆனால் கொஞ்சம் சிரிப்பு வந்தது. ஜன்னல் உள்ள தனி அறை என்கிறீர்கள். நாங்கள் அஞ்சு பேர், ஒரே அறை, பத்து வீட்டுக்கு இரண்டு கழிவறை. பனியன் கம்பெனி மூடிய அன்றைக்குக் கையில் அந்த வாரச் சம்பளம் மட்டும். ஒரு மாதம் முன்னால் பருப்பு வாங்கி வைப்பது எங்கிருந்து.

எங்களுக்கு உதைத்தது ரேஷன் கார்டு. 2020 ஏப்ரலில் கார்டுக்கு 1000 ரூபாயும் அரிசி பருப்பும் கொடுத்தார்கள், எங்கள் கார்டு தேனிப் பக்கத்தில், நாங்கள் திருப்பூரில். பஸ் இல்லை. பணம் அங்கே, பசி இங்கே. எந்தக் கடையிலும் வாங்கலாம் என்ற வசதியெல்லாம் அதற்கப்புறம்தான் வந்தது. நான் செய்த முதல் வேலை கார்டு முகவரியை மாற்றியது. அதனால் 2021இல் 2000, 2000 என்று இரண்டு தவணை 4000 ரூபாயை நடந்தே போய் வாங்கினேன். கார்டில் உள்ள எல்லோருக்கும் ஆதார் சேர்த்திருக்கிறதா, போன் நம்பர் சரியா, இறந்துபோனவர் பெயர் கிடக்கிறதா, இதைப் பாருங்கள். இதற்குக் காசு வேண்டாம், ஒரு நாள் லீவு போதும்.

தனி அறைக்கு நாங்கள் செய்தது இது. லைனில் ஒரு வீடு காலியாக இருந்தது. வீட்டுக்காரம்மாவிடம் கேட்டு அதை யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் படுக்க என்று வைத்தோம். ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டு மின்சாரச் செலவு. மூன்று பேர் மாறி மாறி அதில் படுத்து எழுந்தார்கள். முறைவாசல் மாதிரி முறை போட்டுச் சாப்பாடு வைத்தோம்.

நைட் டூட்டி:

தம்பி, நீங்கள் சொன்னதுதான் சரியான ஏற்பாடு. நான் அறை என்று எழுதியது அவள் வீட்டை நினைத்து. அந்தக் காலி வீட்டு யோசனையை எங்கள் தெருச் சங்கத்தில் சொல்லப் போகிறேன்.

மன்னைப் பெண்:

எல்லோருக்கும் நன்றி. படித்துவிட்டு ராத்திரியே அப்பாவுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

ஆக்சிமீட்டர் பீரோவில் இருந்ததாம். நைட் டூட்டி அம்மா சொன்ன மாதிரியே பேட்டரி கசிந்து பச்சையாகப் பூத்திருக்கிறது. கேஸ் புத்தகத்தில் இருப்பது 2015இல் விட்டுவிட்ட என் பழைய சென்னை நம்பர். கோவை நண்பர் சொல்லாவிட்டால் இது எனக்குத் தெரியவே வந்திருக்காது. இன்சுலின் இப்போது 22 நாளைக்கு இருக்கிறது, நாளைக்கே இன்னொரு மாதத்துக்கு வாங்கச் சொல்லியிருக்கிறேன். பின்னால் அடுப்பு போட இடம் இருக்கிறது, அம்மா அதைக் கேட்டதும் “இதைச் சொல்ல யாழ்ப்பாணத்திலிருந்து ஆள் வரணுமா” என்றார். ரேஷன் கார்டில் இன்னும் பாட்டி பெயர் இருக்கிறது. பாட்டி போய் ஆறு வருஷம் ஆகிறது.

ஊசி போடக் கற்றுக்கொள்ள அப்பா சம்மதித்துவிட்டார், சமையலுக்குத்தான் ரொம்ப நேரம் முரண்டு பிடித்தார். “அதெல்லாம் உங்கம்மா இருக்கிறப்ப எனக்கெதுக்கு” என்றார். பேரீச்சம்பழத்தை ஞாபகப்படுத்தினேன், பேச்சை நிறுத்திவிட்டார். இன்று காலை வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது: இரண்டு எவர்சில்வர் டப்பா, மூடி மேல் கறுப்பு மார்க்கரில் ‘புளி’ என்றும் ‘பேரீச்சை’ என்றும் பெரிசாக எழுதியிருக்கிறார்.

மதுரை மளிகை:

தங்கச்சி, மூடியில் எழுதக் கூடாது, டப்பாவில் எழுதச் சொல்லுங்க. கழுவி வைக்கும்போது மூடி மாறிவிடும்.